மூன்று மில்லிமீட்டர் பித்தளை: துப்பாக்கி அறையின் வடிவமும் குண்டு அமரும் ஆழமும்

.260 ரெமிங்டன் என்னும் தோட்டா அமெரிக்கச் சந்தைக்கு 1997-இல் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2007-இல், ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவை வெளியிட்டது. இரண்டிலும் பொருத்தப்படுவது 6.71 மி.மீ. விட்டமுள்ள ஒரே வகைக் குண்டுதான். வெடிமருந்துக்கான இடம் பழைய தோட்டாவில்தான் சற்றுக் கூடுதல். ஆகவே ஏட்டுக்கணக்கில் வேகமும் அதற்கே ஒரு பிடி கூடுதல். இருந்தும் இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பதும், புதிய துப்பாக்கிகள் பெரும்பாலும் வடிவமைக்கப்படுவதும் கிரீட்மூருக்குத்தான். அமெரிக்கச் சிறப்புப் படைகளின் கட்டளையகமும் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு 2018-இல் கிரீட்மூரையே தேர்ந்தெடுத்தது. புதிய தோட்டா என்றால் வலுவான தோட்டா என்று எண்ணிப் பழகியவருக்கு இது புதிராகத் தோன்றும்.

புதிருக்கு விடை வலுவில் இல்லை. கிரீட்மூரின் பித்தளைக் கூடு பழையதைவிட ஏறத்தாழ 3 மி.மீ. குட்டையானது. அந்த மூன்று மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, துப்பாக்கியின் அறை எப்படிக் குடையப்படுகிறது, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவற்றைத் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்குக் காரணம் என்பது என் கருத்து.

## தோட்டா வேறு, குண்டு வேறு

"தோட்டா பாய்ந்தது" என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. பாய்வது குண்டு மட்டுமே. தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்த தொகுப்பு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்து, தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகப்பட்ட குண்டு. சுட்ட பிறகு கூடு துப்பாக்கியிலேயே தங்கி, பின்னர் வெளியே தள்ளப்படுகிறது.

தோட்டா உட்காரும் இடம் குழலின் பின்முனையில் உள்ள அறை. சேம்பர் என்று சொல்லப்படுவது இதுதான். பின்னிருந்து முன்னோக்கிப் போனால் அதன் பகுதிகள் இப்படி வரும்:

1. உடல். கூட்டின் பருத்த பகுதி இங்கே அமர்கிறது. கூடு சிக்காமல் வெளிவருவதற்காக இது மிக மெல்லிய கூம்பாகவே குடையப்படும்.

2. தோள். பருத்த உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் சரிவு. .260-இல் இதன் கோணம் 20 டிகிரி, கிரீட்மூரில் 30 டிகிரி.

3. கழுத்து. குண்டைப் பிடித்திருக்கும் கூட்டுப்பகுதிக்கான இடம். சுடும்போது பித்தளை விரிந்து குண்டை விடுவிக்க இங்கே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும்.

4. தொண்டை. கட்டுரையின் மையம் இதுவே. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டப்பட்டிருப்பவை திருகு வரிகள்; கழுத்து முடிந்த இடத்திலிருந்து அவற்றின் மேடுகள் முழு உயரம் பெறும் இடம் வரை உள்ள பகுதிக்கு இந்தப் பெயர். இதில் இரண்டு கூறுகள் உண்டு. முதலாவது, வரிகளே இல்லாத வழவழப்பான உருளைத் துளை; இதை ஃப்ரீபோர் என்பார்கள். இரண்டாவது, வரிகளின் மேடுகள் பூச்சியத்திலிருந்து மெல்ல உயரும் சாய்வு. கிரீட்மூரின் தரவரைபடத்தில் ஃப்ரீபோர் சுமார் 5 மி.மீ. நீளம், சாய்வு ஒன்றரை டிகிரி.

இனி ஆழம். குண்டு கூட்டுக்குள் எவ்வளவு தூரம் செருகப்பட்டிருக்கிறது என்பதே அமரும் ஆழம். தோட்டா அறைக்குள் போய் நின்றதும், குண்டின் வளைந்த தோள்பட்டைக்கும் மேடுகள் தொடங்கும் இடத்துக்கும் இடையே எஞ்சும் வெற்றிடத்தைத் தாவல் எனலாம். குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்தினால் தாவல் கூடும்; வெளியே இழுத்தால் குறையும்; இன்னும் இழுத்தால் குண்டு மேடுகளைத் தொட்டு, அதற்கும் மேலே போனால் அவற்றுக்குள் நெருக்கப்படும்.

தோட்டாவின் மொத்த நீளத்தைக் குண்டின் கூர்முனையிலிருந்து அளந்து தாவலைக் கணக்கிட முடியாது. ஒரே பெட்டியில் உள்ள குண்டுகளிலேயே நுனி ஒன்றுக்கொன்று சிறிது மாறும். மேடுகளைத் தொடுவதும் நுனி அல்ல. அதனால் கூட்டின் அடியிலிருந்து குண்டின் வளைவில் குறிப்பிட்ட விட்டம் வரும் இடம் வரை அளப்பார்கள். வெர்னியரின் தாடையில் ஒரு துளையிட்ட துண்டைப் பொருத்தினால் இந்த அளவு கிடைத்துவிடும்.

## கூடு எதில் முட்டி நிற்கிறது

தாவலைப் பற்றிப் பேசுவதற்கு முன் தோட்டா முன்பின் நகராமல் நிற்க வேண்டும். அறையின் பின்வாயை மூடும் தண்டான போல்ட்டின் முகத்துக்கும் கூட்டைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடையிலான தூரம் ஹெட்ஸ்பேஸ் எனப்படும். இக்காலத் தோட்டாக்களில் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தோள். .308 வின்செஸ்டருக்கு, தோளின் மீது 10.16 மி.மீ. விட்டம் வரும் இடம் வரையிலான தூரம் 41.40 மி.மீ. உள்ள 'கோ' கேஜ் என்ற அளவுக்கட்டையின் மீது போல்ட் மூட வேண்டும், 41.50 மி.மீ. உள்ள 'நோ-கோ' கேஜின் மீது மூடக் கூடாது. அனுமதிக்கப்பட்ட தளர்வு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

நம் ஊர்க் காவலர் தோளில் நெடுங்காலம் தொங்கிய 'த்ரீ நாட் த்ரீ' இதற்கு மாறானது. அந்த .303 தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. தோட்டா அந்த விளிம்பில்தான் முட்டி நிற்கிறது, தோளில் அல்ல. அதனால் சேறும் தூசியும் படிந்தாலும் தோட்டா உள்ளே போகட்டும் என்று லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளின் அறையைத் தாராளமாகக் குடைந்தார்கள். போர்க்களத்தில் அது பெரிய வசதி. கூட்டை மறுபடியும் பயன்படுத்துவோருக்கோ தலைவலி: ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு நீண்டு, அடிக்குச் சற்று மேலே மெலிந்து, சில தடவைகளிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

## மேகசின் தரும் நெருக்கடி

இப்போது தொடக்கப் புதிருக்கு வருவோம். இவ்விரு தோட்டாக்களும் பயன்படும் .308 குடும்பத்துக்கான துப்பாக்கிகளில், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினின் உள்நீளம் ஏறத்தாழ 71 முதல் 73 மி.மீ. வரைதான் இடம் தரும். தோட்டா அதைவிட நீண்டால் மேகசினில் இறங்காது. ஒவ்வொன்றாகக் கையால் இட்டுச் சுடுகிறவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் போட்டியிலும் வேட்டையிலும் களத்திலும் மேகசின் வேண்டும்.

தொலைதூரத்துக்கு ஏற்ற குண்டுகள் நீளமானவை. காற்றைக் கிழிக்கும் கூர்மையான முகமும் ஒடுங்கிய வாலும் சேர்ந்தால் நீளம் கூடத்தான் செய்யும். 35 மி.மீ. நீளமுள்ள ஒரு குண்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

.260 ரெமிங்டனின் கூடு 51.7 மி.மீ.; தோட்டாவின் தரப்படுத்தப்பட்ட உச்சநீளம் 71.1 மி.மீ. ஆகவே கூட்டுக்கு வெளியே குண்டு நீட்டிக்கொண்டிருக்கக் கிடைப்பது 19.4 மி.மீ. மீதி 15.6 மி.மீ. உள்ளே போக வேண்டும். கழுத்தின் நீளமோ சுமார் 6.6 மி.மீ. மட்டுமே. எஞ்சிய 9 மி.மீ. கழுத்தைத் தாண்டி, மருந்து இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கிரீட்மூரின் கூடு 48.8 மி.மீ.; உச்சநீளம் 71.8 மி.மீ. வெளியே 23 மி.மீ., உள்ளே 12 மி.மீ. கழுத்து 7.2 மி.மீ. என்பதால் கழுத்தைத் தாண்டுவது 5 மி.மீ.க்குள் அடங்கிவிடும், அதுவும் பெரும்பாலும் குண்டின் ஒடுங்கிய வால்பகுதிதான். பழைய தோட்டாவில் இருந்த கூடுதல் கொள்ளளவு எங்கே போனது என்பது இப்போது தெரியும். நீளக் குண்டு உள்ளே இறங்கி அதைத் தின்றுவிடுகிறது.

இந்த வடிவமைப்பு ஆய்வகத்தில் தொடங்கியதும் அன்று. 2005-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடந்த தேசியப் போட்டிகளின்போது, டென்னிஸ் டிமில் என்ற போட்டியாளர் தான் பயன்படுத்திய தனிவடிவத் தோட்டாவில் கண்ட தொல்லைகளை ஹார்னடியின் டேவ் எமெரியிடம் சொல்ல, நல்ல போட்டித் தோட்டா ஒன்றுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அந்த உரையாடலிலிருந்துதான் உருவானது. மேகசினில் அடங்க வேண்டும் என்பது அதில் பின்குறிப்பாக அல்ல, முதல் நிபந்தனைகளில் ஒன்றாகவே இருந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1870-களில் புகழ்பெற்றிருந்த சுடுதளத்தின் பெயரே தோட்டாவுக்கும் வந்தது.

பெரிய தோட்டாக்களில் இதே கதை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் கழுத்து 6.7 மி.மீ.; அது பிடிக்க வேண்டிய குண்டின் விட்டமோ 7.82 மி.மீ. கழுத்து குண்டின் விட்டத்தைவிடக் குட்டை! அதன் உச்சநீளம் 84.8 மி.மீ., கூடு 66.5 மி.மீ. என்பதால் கூட்டுக்கு வெளியே குண்டுக்குக் கிடைப்பது 18.3 மி.மீ. 2018-இல் வந்த .300 பிஆர்சி-யின் கூடு 65.5 மி.மீ., உச்சநீளம் 94 மி.மீ.; வெளியே 28.5 மி.மீ. கூடு கிட்டத்தட்ட அதே நீளம்தான். குண்டுக்கோ பத்து மில்லிமீட்டர் கூடுதல். ஆனால் அதற்கேற்ற நீண்ட மேகசினுள்ள துப்பாக்கி வேண்டும் என்ற விலையைக் கொடுத்தாக வேண்டும்.

## ஆழம் மாறினால் அழுத்தம் எப்படி மாறும்

ஆழமாக அழுத்தினால் அழுத்தம் கூடும் என்பார் ஒருவர். குறையும் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இரண்டு விளைவுகள் எதிரெதிராக இழுக்கின்றன.

ஒன்று, குண்டு ஆழத்தில் இருந்தால் மருந்து எரியும் வெற்றிடம் சுருங்குகிறது. அதே அளவு மருந்து சிறிய இடத்தில் எரிவதால் அழுத்தம் ஏறும். மற்றொன்று, குண்டுக்கும் மேடுகளுக்கும் இடையே தூரம் இருந்தால், தடை ஏதுமின்றிக் குண்டு சற்று ஓடிவந்த பிறகே வரிகளில் பதிகிறது. அதற்குள் இடம் விரிந்துவிடும், வாயுவில் சிறிது குண்டைச் சுற்றி முன்னே கசிந்தும்விடும். இதனால் உச்ச அழுத்தம் தணியும்.

கொள்ளளவு பெரிதான ரைஃபிள் தோட்டாவில், மேடுகளைத் தொட்டு நிற்கும் நிலையிலிருந்து பின்வாங்கும்போது முதலில் இரண்டாவது விளைவே மேலோங்குவதால் அழுத்தம் இறங்கும். மேலும் ஆழமாகப் போனால் முதல் விளைவு தலைதூக்கி மீண்டும் ஏறத் தொடங்கும். கைத்துப்பாக்கியின் சிறிய கூட்டிலோ நிலைமை வேறு: அங்கே ஒரு மில்லிமீட்டர் என்பதே கொள்ளளவில் பெரும் பங்கு, ஆதலால் ஆழம் கூடினால் அழுத்தம் சட்டென்று எகிறும். எந்தத் தோட்டாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் நடக்கும் விவாதம் முடிவுக்கு வராததில் வியப்பில்லை.

நீண்ட தொண்டையின் இந்த இயல்பைத் தெரிந்தே பயன்படுத்தியவர் ராய் வெதர்பி. 1940-களிலிருந்து அவர் உருவாக்கிய தோட்டாக்களில் ஃப்ரீபோர் மிக நீளம்; .300 வெதர்பியில் சுமார் 9 மி.மீ. தணிந்த அழுத்தத்தை வைத்துக் கூடுதல் மருந்தை இட்டு வேகம் பெறுவது அவர் வழி.

குண்டு மேடுகளில் நெருக்கப்பட்ட நிலையில், குண்டு நகரத் தொடங்கும்போதே தடை முழுமையாக எதிர்ப்படுகிறது. ஆகவே தாவலோடு பாதுகாப்பாக இருந்த மருந்தளவு இங்கே வரம்பைத் தாண்டிவிடலாம். வேறோர் இடரும் உண்டு: சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு வரிகளில் சிக்கி நின்று, கூடு மட்டும் வந்து, மருந்து துப்பாக்கிக்குள் கொட்டிவிடும்.

## ஒரே தோற்றம், இரண்டு தொண்டைகள்

தொண்டையின் வடிவம் சாதாரணப் பயனரையும் தொடும் இடம் .223 ரெமிங்டனும் 5.56×45 நேட்டோவும் சந்திக்கும் இடம். தோட்டாவை வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒன்றின் அறையில் மற்றொன்று இறங்கும். ஆனால் .223 அறையின் தொண்டை குட்டையானது, நேட்டோ அறையின் தொண்டை நீளமானது. நேட்டோ தோட்டா தன் நீண்ட தொண்டைக்கு ஏற்ற அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. அதைக் குட்டைத் தொண்டையில் சுட்டால் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட உயரலாம். மறுபக்கம் பெரும்பாலும் தொல்லை இல்லை. குண்டு சற்று அதிகம் தாவும், துல்லியம் சிறிது குறையலாம், அவ்வளவே. இவ்விரு தோட்டாக்களின் அழுத்த எண்களை அருகருகே வைத்து நேரடியாக ஒப்பிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்: அளக்கும் முறையும் இடமும் வேறு.

பில் வைல்டு என்பவர் வடிவமைத்த .223 வைல்டு என்ற அறை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஃப்ரீபோர் நேட்டோவைப் போல நீளம். ஆனால் அதன் விட்டம் குண்டின் விட்டத்தை ஒட்டியே, 5.69 மி.மீ. அளவில். நீளம் அழுத்தத்தைத் தணிக்கிறது; இறுக்கம், குண்டு சாயாமல் நேராகப் போய் வரிகளில் பதிய உதவுகிறது. தொண்டை என்றாலே நீளத்தை மட்டும் பேசுகிறவர்கள் விட்டத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

## தனிவடிவ அறை எப்படித் தீர்மானிக்கப்படுகிறது

அமெரிக்காவில் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இனி வருவது பெரும்பாலும் அந்நாட்டுப் பட்டறைகளின் கதை.

அறையைக் குடையும் கருவி ரீமர். தோட்டாவின் வெளிவடிவத்தையே வெட்டும் பற்களாகக் கொண்ட ஓர் எஃகுத் தண்டு அது. தரப்படுத்தப்பட்ட அறைக்கான வரைபடத்தை அமெரிக்காவில் சாமி என்ற அமைப்பும், ஐரோப்பாவில் சிஐபி என்ற அமைப்பும் வெளியிடுகின்றன. எல்லா நிறுவனங்களின் தோட்டாக்களும் எல்லாத் துப்பாக்கிகளிலும் இறங்க வேண்டும் என்பதால் அந்த வரைபடங்களில் தளர்வு இருந்தே தீரும். தனிவடிவம் கேட்பவர் இந்தத் தளர்வை விட்டுக்கொடுத்துப் பொருத்தத்தை வாங்குகிறார்.

கேட்கும் வரிசை முக்கியம். முதலில் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மருந்தும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றில், குண்டின் உருளைப் பகுதி முடிந்து வால் தொடங்கும் இடம் கழுத்தின் அடியைத் தாண்டாமல் நிற்குமாறு குண்டைச் செருகுவார்கள். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் பித்தளை உட்புறமாக வளையம்போலத் தடிப்பது வழக்கம். குண்டின் உருளைப் பகுதி அதில் நெருக்கினால் பிடி ஒரே சீராக இருக்காது. அந்த வெற்றுத் தோட்டா மேகசினில் இறங்குகிறதா என்று பார்த்த பின், அதையே ரீமர் செய்பவருக்கு அனுப்பி, இந்த நிலையில் குண்டு மேடுகளுக்கு இவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். ஃப்ரீபோரின் நீளம் அதிலிருந்து பிறக்கிறது. தலைகீழாக, கையில் கிடைத்த அறைக்கு ஏற்பக் குண்டைத் தேடுவது எப்போதும் சமரசம்தான்.

கழுத்தை இறுக்கிக் குடைவது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 6 பிபிசி எல்லைக்கல். லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் 1970-களில் உருவாக்கிய இந்தத் தோட்டாவுக்குப் போட்டியாளர்கள் குடையும் அறையின் கழுத்து விட்டம் வழக்கமாக 6.65 மி.மீ.; குண்டின் விட்டம் 6.17 மி.மீ. மீதியுள்ள அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில்தான் இருபுறப் பித்தளையும் அது விரிவதற்கான இடைவெளியும் அடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கூட்டின் கழுத்தையும் வெளிப்புறமாகச் சீவி மெலிதாக்குவார்கள். சீவாத கூடு அதில் தப்பித்தவறி இறங்கிவிட்டால், பித்தளை விரிய வழியில்லாமல் குண்டை விடாது பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஆபத்தான அளவுக்குப் போகும்.

## துல்லியம்: நம்பிக்கையும் கணக்கும்

குண்டு மேடுகளை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு துல்லியம் என்பது பழைய நம்பிக்கை. தாவும்போது குண்டு சிறிது சாயலாம், சாய்ந்தே பதியலாம் என்ற வாதம் அதன் பின்னே இருக்கிறது. முகம் நேர்வளைவாக உருளையோடு மெல்லக் கலக்கும் குண்டுகள் சாய்வில் தாமாகவே நடுவுக்கு வந்துவிடுவதால் அவற்றுக்குத் தாவல் பெரிய பொருட்டல்ல. முகம் சட்டென்று கோணம் மாறித் தொடங்கும், விஎல்டி எனப்படும் மிகக் குறைந்த காற்றுத்தடைக் குண்டுகளே ஆழத்துக்கு அதிகம் வளைந்துகொடுக்க மறுப்பவை. ஆனால் அவற்றுக்கும் மேடுகளைத் தொடுவது ஒன்றே வழியல்ல: அவற்றைத் தயாரிக்கும் பெர்கர் நிறுவனமே, தொடும் நிலையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் படிகளாக மூன்று மில்லிமீட்டர் வரை பின்வாங்கிச் சோதிக்கச் சொல்கிறது. பிரையன் லிட்ஸ் வடிவமைத்த ஹைப்ரிட் வகைக் குண்டு இரண்டு வளைவுகளையும் ஒரே முகத்தில் சேர்த்து இந்தச் சிடுக்கைத் தளர்த்தியது.

நுண்ணிய படிகளாக ஆழத்தை மாற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்றே மூன்று குண்டு சுட்டு, இலக்கில் துளைகள் மிக நெருங்கி விழுந்த, அதாவது மிகச் சிறிய கூட்டத்தைத் தந்த படியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதையும் மாற்றாமல் மூன்று மூன்றாகப் பத்து முறை சுட்டாலே, தற்செயலால் ஒரு கூட்டம் மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு பெரிதாக வருவது சாதாரணம். அந்தத் தற்செயலை ஆழத்தின் விளைவு என்று வாசிப்பது மழைத்துளியை எண்ணிப் பஞ்சாங்கம் எழுதுவது போன்றது.

## நகர்ந்துகொண்டே இருக்கும் தொண்டை

இவ்வளவு கவனமாகத் தீர்மானித்த தூரம் அப்படியே நிலைத்திருப்பதும் இல்லை. சுடும் ஒவ்வொரு முறையும் வெப்ப வாயு முதலில் தாக்குவது தொண்டையைத்தான். அங்கே எஃகின் மேற்பரப்பு வெடிப்புவிட்டு உதிர, மேடுகள் தொடங்கும் இடம் முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. கிரீட்மூர் போன்ற தோட்டாவில் 2000 முதல் 3000 சுற்றுகளுக்குள் போட்டிக்குரிய துல்லியம் போய்விடுவதாகச் சுடுநர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

மேடுகளை ஒட்டியே குண்டை வைத்தவர் அவற்றைத் துரத்திக்கொண்டு குண்டை வெளியே வெளியே இழுத்தாக வேண்டும். ஒரு கட்டத்தில் தோட்டா மேகசினின் சுவரில் முட்டும், துரத்தல் அங்கே நிற்கும். ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தாவலிலேயே நன்றாகச் சுடும் குண்டைத் தேர்ந்தவருக்கு, தொண்டை சிறிது நகர்வதால் எதுவும் மாறுவதில்லை. போட்டியாளர்களில் பலர் இப்போது இந்தப் பக்கம் சாய்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

தொண்டை முற்றிலும் தேய்ந்த பின், குழலின் பின்முனையை வெட்டிக் குறுக்கி, அதே ரீமரால் அறையைப் புதிதாகக் குடைவதும் உண்டு. ரீமரோ ஒவ்வொரு முறை சாணை பிடிக்கும்போதும் நூலிழை மெலிகிறது. அதனால் இரண்டாம் முறை குடைந்த அறை முதல் அறையைவிட மிகச் சிறிதளவு ஒடுங்கியிருக்கும். முதல் அறையில் சுட்டு விரிந்த கூடுகள் சில, அதே துப்பாக்கியின் புதிய அறைக்குள் இறங்க மறுக்கும்.